பன்னிரண்டு மைல் மேரிலாந்து

வெல்டா மோசி, எமர்ட் ஸ்டவுபர் என்ற பழைய இரும்பு வியாபாரிக்கு ஒன்பதாயிரம் டாலர் கடன்பட்டிருந்தாள். வட்டி கிடையாது, எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. எங்கள் மார்ட்டின்ஸ்பர்க்கில் வங்கிக்காரர்கள் இவள் எத்தனாவது வரை படித்தாள் என்று கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கிய காலத்தில், பென்சில்வேனியாக்காரரான எமர்ட், தன் கொல்லையில் சும்மா கிடந்த இரும்பு அமுக்கும் இயந்திரத்தை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, முடிந்தபோது கொடு என்று மட்டும் சொன்னார். அவருடைய பிள்ளைகள் சொன்னது வேறு. மேற்கு வர்ஜீனியா மலைக்காரியிடம் விட்ட இரும்பு ஆற்றில் விட்ட இரும்புதான் என்று அவர்கள் தங்கள் ஊரான கிரீன்காசில் முழுக்கச் சொல்லிச் சிரித்தது இவள் காதுக்கும் வந்து சேர்ந்தது.

சும்மா சொல்லக்கூடாது, அவளைப் போல ஒருத்தியை எங்கள் பக்கத்தில் நாலு மாவட்டம் தேடினாலும் காட்ட முடியாது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஆப்பிள் தோட்டத்தில் ஏணி ஏறியவள். கட்டியவன் ஒரு நாள் கிளம்பிப் போனவன் போனவன்தான். ஒரு வெல்டிங் குழாயும் ஓட்டை வேனும் மட்டும் வைத்துக்கொண்டு காயலான் கடை போட்டாள். இன்று வேலிக்குள் செத்த கார்கள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன, பத்துக் குடும்பத்துக்கு அவள் கையால்தான் சம்பளம். எஞ்சின் பிரிப்பாள், பளு தூக்கி ஓட்டுவாள். தன் வண்டிச் சக்கரத்தை இன்னொருவன் கழற்ற அவள் ஒருநாளும் விட்டதில்லை. இதைப் பத்துத் தடவை கேட்காமல் அவளோடு ஒரு காபி குடித்து எழுந்தவர் யாரும் இல்லை.

பழைய இரும்பு என்றாலே ரொக்கம்தான். ஒரு மழைக்காலத்தில் முகமூடி போட்ட இரண்டு பேர் கடைக்குள் புகுந்து, அவள் தலையில் இரும்புத் தடியால் அடித்து, அந்த வாரத்து வசூலை அள்ளிக்கொண்டு போனார்கள். தையல் பிரித்த மறுநாளே போய்த் துப்பாக்கிப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தாள், சோதனையில் தேறினாள், துப்பாக்கியை மறைத்து வைத்துச் செல்லும் அனுமதி அட்டையை வாங்கினாள். அன்றிலிருந்து வலது இடுப்பில், தளர்ந்த ஜீன்ஸ் கோட்டுக்கு அடியில், ஐந்து குண்டு ரிவால்வர் ஒன்று அவளோடு ஒட்டிக்கொண்டது.

அந்த அட்டையை எங்கள் மேற்கு வர்ஜீனியா மதிக்கும், பென்சில்வேனியாவும் மதிக்கும். நடுவில் கிடக்கும் மேரிலாந்து மதிக்காது. நெடுஞ்சாலையில் பன்னிரண்டு மைல்தான், பாட்டு மூன்று கேட்பதற்குள் கடந்துவிடலாம். ஆனால் அந்தப் பன்னிரண்டு மைலில் இடுப்பில் குண்டு போட்ட துப்பாக்கியோடு அகப்பட்டால் நேரே சிறைதான். அதனால் வடக்கே போகிற எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஒரு வழக்கம். மேரிலாந்து எல்லையான ஆற்றுப் பாலத்துக்கு முந்தின வெளிவழியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்குவார்கள். மூடிக் கிடக்கும் பெட்ரோல் நிலையத்தின் பின்புறம் வண்டியை நிறுத்துவார்கள். துப்பாக்கியிலிருந்து குண்டை இறக்கி, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, கைக்கு எட்டாத பின்பக்கம் வைப்பார்கள். கோயில் வாசலில் செருப்பு விடுவது போலத்தான், கூச்சமோ பேச்சோ இருக்காது. பென்சில்வேனியா எல்லை தாண்டியதும் மறுபடி மாட்டிக்கொள்வார்கள்.

கடனைத் தீர்க்கப் புறப்பட்ட அந்த ஜூலை மாதக் காலையில் வெல்டாவும் அங்கேதான் நிறுத்தினாள். ஒன்பதாயிரமும் நூறு டாலர் நோட்டுகளாகக் கோட்டின் உள்பையில், மூன்று ஊக்கு குத்தி, நெஞ்சோடு இருந்தது. பெட்டியைத் திறக்கப் போன நேரம் பக்கத்து வண்டியில் கிளீட் டைஸ் தன் துப்பாக்கியைப் பூட்டிக்கொண்டிருந்தான். பழைய டயர் வாங்கி விற்பவன், வாய் சும்மா இருக்காது.

"என்ன வெல்டா, உள்பை வீங்கியிருக்கு? எமர்ட்டுக்கா? கிழவன் இன்னும் உயிரோடவா இருக்கான்?"

"உயிரோட இருக்கணும்னுதான் நானும் சாமி கும்பிட்டேன். அவர் பிள்ளைங்க முன்னாடியே எண்ணி வைக்கணும்ல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நன்றாகக் கேட்கிற ஒருவன் எதிரே நிற்கும்போது வெல்டாவால் நிறுத்த முடியாது. வங்கிக்காரனின் உதட்டில் தொடங்கி, இயந்திரம் வந்திறங்கிய நாள், முதல் லாரி லோடு, ஒவ்வொரு நூறு டாலரும் எந்தக் காரிலிருந்து வந்தது என்பது வரை சொல்லி முடித்தாள். கிளீட் தொப்பியைக் கழற்றி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான். அவளும் நெஞ்சு நிமிர்ந்து வண்டியில் ஏறினாள், கதவை அறைந்தாள், கிளம்பினாள்.

பொட்டோமேக் ஆற்றின் நடுப்பாலத்தில் இருக்கை வார் இடுப்பில் இடித்தது. வாரைத் தளர்த்தக் கை போட்டாள். கை ரிவால்வர் பிடியில் பட்டது.

பாலத்தில் திரும்ப வழியில்லை. பாலம் முடிந்ததும் மேரிலாந்து. முதல் வெளிவழியில் இறங்கித் திரும்பிவிடலாம் என்று பார்த்தால், அங்கே சாலை வேலை, ஆரஞ்சுப் பீப்பாய்கள், கொடியோடு ஒரு ஆள், அவன் பக்கத்தில் ஒரு போலீஸ் கார். அவள் இறங்கவில்லை. ஓரத்தில் நிறுத்திக் கழற்றலாமா என்று யோசித்தாள். காரணமில்லாமல் ஓரத்தில் நிற்கிற வண்டியை விசாரிக்கத்தான் போலீஸ் வரும். ஓட்டுவதே மேல் என்று முடிவு செய்தாள். வேகக் கட்டுப்பாட்டுக்குக் கீழேயே முள்ளை வைத்துக்கொண்டு, கண்ணாடியும் ரோடுமாகப் பார்த்துக்கொண்டு, பெரிய லாரிகள் இரண்டு பக்கமும் இரைந்து கடக்க, ஹேகர்ஸ்டவுன் வரை போய்விட்டாள். பாதி தாண்டியாயிற்று என்று மூச்சு விட்டபோது பின்பக்க வலது டயர் வெடித்தது.

வண்டி ஆடியது. எப்படியோ ஓரத்துக்குக் கொண்டு வந்து நிறுத்திவிட்டாள். வேறு எந்த நாளாக இருந்தாலும் லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துப் பாராட்டும் வேகத்தில் டயரை மாற்றியிருப்பாள். இன்று குனிந்தால் கோட்டு தூக்கும், தூக்கினால் பிடி தெரியும். கோட்டைக் கழற்றினாலும் தெரியும். முதலில் ரிவால்வரைப் பெட்டிக்குள் வைத்துவிடலாம் என்றால், பெட்டி பின்னால் தார்ப்பாய்க்கு அடியில், ஜாக்கியோடு கிடக்கிறது. கதவைத் திறக்கக் கை வைத்த அதே நேரம் கண்ணாடியில் நீலமும் சிவப்புமாக வெளிச்சம் விழுந்தது.

வந்த போலீஸ்காரருக்கு நாற்பது வயது இருக்கும். கனத்த மீசை, வெயிலில் சிவந்த கழுத்து. டயரை ஒரு பார்வை, எண் பலகையை ஒரு பார்வை, அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"இறங்காதீங்கம்மா. லாரி எல்லாம் ஒட்டி வருது. உள்ளயே உட்காருங்க, நான் மாத்தித் தர்றேன்."

அவள் வாய் வரை வந்தது, என் வண்டிச் சக்கரத்தை இன்னொருவன் தொட்டதில்லை என்று. விழுங்கினாள். இடுப்பு வலி, ஐயா, ரொம்ப நன்றி என்றாள். சொன்ன குரல் யாரோ ஒரு கிழவியின் குரல் போல அவளுக்கே கேட்டது.

அவர் வேலையைத் தொடங்கிக்கொண்டே பேசினார். இந்த டயரில் பட்டையே இல்லையே, இந்த வயதில் தனியாக நெடுஞ்சாலையில் எதற்கு, மகன் மருமகன் யாரும் இல்லையா, மாதம் ஒரு தரம் காற்றுப் பார்க்கச் சொல்லி யாரிடமாவது கொடுக்கக்கூடாதா என்றெல்லாம் புத்தி சொன்னார். ஆயிரக்கணக்கில் டயர் கழற்றிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு வெல்டா ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஐயா, சரி ஐயா என்றாள். அவள் காத்திருந்தது வேறொரு கேள்விக்கு. மேற்கு வர்ஜீனியா எண் பலகையைப் பார்த்தால் இந்தச் சாலைப் போலீஸ்காரர்கள் வழக்கமாகக் கேட்கிற, வண்டியில் துப்பாக்கி இருக்கிறதா என்ற கேள்வி அது. இடுப்பில் குண்டு நிறைந்த துப்பாக்கி, நெஞ்சில் ஒன்பதாயிரம் ரொக்கம். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் எந்தப் போலீஸ்காரரும் போதை மருந்து விற்கிறவள் என்றுதான் எழுதுவார். அவளுக்குச் சிறை, பணத்துக்குப் பறிமுதல். எமர்ட்டின் பிள்ளைகள் இன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் சிரிப்பார்கள்.

பின்னால் தார்ப்பாய் சரசரத்தது. ஜாக்கியை எடுக்கப் போனவர் பெட்டியை நகர்த்தியிருக்கிறார். பிறகு சத்தம் இல்லை.

பூட்ஸ் சத்தம் பக்கக் கதவுக்கு வந்தது. அவர் பெட்டியை இரண்டு விரலில் தூக்கிப் பிடித்திருந்தார். கீல் போட்ட, நுரைப் பஞ்சு வைத்த, சாவித் துவாரம் வைத்த பெட்டி, பூட்டாத மூடி திறந்து தொங்கியது. அந்தப் பன்னிரண்டு மைலில் வேலை பார்க்கிற ஒருவருக்கு அது என்ன பெட்டி என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"காலியா இருக்கேம்மா."

ஜூலை வெயிலில் போட்டிருந்த கோட்டை அவர் பார்த்தார். வலது இடுப்பை மறைத்துக் கிடந்த அவள் முழங்கையைப் பார்த்தார். பொய் சொல்லிப் பழகாதவள் என்று சொல்லமாட்டேன், இரும்பு வியாபாரி பொய் சொல்லாமல் பிழைக்க முடியாது. அன்று ஒரு பொய்யும் வரவில்லை.

"ஆமா ஐயா. காலிதான்."

அவர் சாலையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எனக்கு நாலு மணிக்கு மகளோட பந்தாட்டம் பார்க்கப் போகணும். ஒரு ஆளைப் பிடிச்சு உள்ள கொண்டுபோனா எழுதி முடிக்கவே ராத்திரி ஆயிடும்." பெட்டியை அவள் பக்கத்து இருக்கையில் வைத்தார். "இது பின்னாடி எனக்கு இடைஞ்சலா இருக்கு. நட்டு துருப்பிடிச்சுக் கிடக்கு, கொஞ்ச நேரம் நான் நிமிர்ந்து பார்க்க மாட்டேன்."

அவர் போய்க் குனிந்துவிட்டார். நட்டுத் திருகும் கம்பி கிரீச்சிட்டது.

அப்போதுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. எடுத்துப் பெட்டியில் வை என்கிறாரா, எடுக்கிறாளா பார்ப்போம் என்கிறாரா? ஒரு போலீஸ்காரர் முதுகைக் காட்டிக் குனிந்திருக்கும்போது அவருக்குப் பின்னால் ரிவால்வரை உருவுகிறவளைப் பார்த்து, அந்தப் பக்கம் போகிற இன்னொரு போலீஸ் கார் என்ன நினைக்கும்? அவரே நிமிர்ந்தால் என்ன செய்வார்? எடுக்காவிட்டால், டயர் மாற்றி முடிந்ததும் பெட்டி அப்படியே காலியாகக் கிடப்பதை அவர் பார்ப்பார்.

கண்ணாடியில் அவர் முதுகைப் பார்த்தபடி கோட்டை விலக்கினாள். பிடியைப் பிடித்தாள். அத்தனை வருடம் அவள் தோலோடு கிடந்த இரும்பு, அன்று யாரோ கொடுத்தது போல இருந்தது. மடியோடு தாழ வைத்துக் குண்டு உருளையைத் திறந்தாள். கிளிக் என்ற சத்தம் கேட்டது. கம்பியின் கிரீச்சு நின்றது. அவள் உருளையை அசைக்காமல் பிடித்துக்கொண்டாள். பின்னால் ஒரு இருமல், பிறகு கம்பி மறுபடி கிரீச்சிட்டது.

குண்டுகளை மடியில் கொட்டினாள். நாலுதான் இருந்தன. ஐந்தாவது உருண்டு கீழே விழுந்தது. பிரேக் மிதிக்கு அடியில் பித்தளை மினுங்கியது. கால் விரலால் இழுத்தாள், வரவில்லை. இருக்கை வாரைக் கழற்றிக் குனிந்து, ஸ்டியரிங்கில் நெற்றி இடிக்க, விரல் நுனியால் பிடித்து எடுத்தாள். குண்டுகள் சாப்பாட்டு டப்பாவுக்குள் போயின, ரிவால்வர் பெட்டிக்குள் போனது. பூட்டுத் துவாரத்தில் சாவி மூன்று தடவை தவறி, நாலாவது தடவை நுழைந்தது.

சாவி திரும்பிய சத்தத்துக்குப் பிறகுதான் அவர் நிமிர்ந்தார்.

"முடிஞ்சுதும்மா."

வந்து பெட்டியை எடுத்தார். இந்தத் தடவை இரண்டு கையாலும் எடுத்தார். கொண்டுபோய்ப் பின்னால், ஜாக்கியோடு, தார்ப்பாய்க்கு அடியில் வைத்து இழுத்து மூடினார். கையைத் துடைத்துக்கொண்டே ஜன்னலுக்கு வந்தவர், எங்கே போகிறீர்கள் என்று அப்போதுதான் கேட்டார். கிரீன்காசில், ஒரு கடன் கொடுக்கணும் என்றாள்.

"அப்ப போய்க் குடுங்க. அடுத்த தடவை ஆத்துக்கு அந்தப் பக்கமே யோசிச்சுட்டு வாங்க. எல்லா நாளும் என் பொண்ணுக்கு ஆட்டம் இருக்காது."

எல்லைப் பலகை கடந்தும் அவள் பெட்டியைத் திறக்க நிறுத்தவில்லை. கிரீன்காசிலில் எமர்ட்டின் இரும்புக் கொல்லைக்குள் நுழைந்தபோது கோட்டு முதுகில் ஒட்டி ஈரமாயிருந்தது. எமர்ட் எடை மேடைக்குப் பக்கத்தில் கவிழ்த்த பெயின்ட் டின்னில் உட்கார்ந்திருந்தார். பெரிய மகன் ராய் கொக்கியில் செம்புக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் அவன் கை நின்றது.

"எண்ணிக்கறீங்களா எமர்ட்டு?"

"நீயே எண்ணு. என் கண்ணு நோட்டையும் பேப்பரையும் ஒண்ணாத்தான் பார்க்குது" என்று அவர் உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

ஊக்குகளைக் கழற்ற அவளுக்கு நேரம் பிடித்தது. முதல் நோட்டு கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. ராய் குனிந்து எடுத்துக் கொடுத்தான்.

"கை ஏன் இப்படி ஆடுது? வழியில என்ன ஆச்சு?" என்றார் எமர்ட்.

வெல்டா ராயைப் பார்த்தாள். ஒரு பெரிய கதை சொல்ல அதைவிட நல்ல இடம் அவளுக்குக் கிடைத்திருக்காது.

"டயர் வெடிச்சுது. ஒருத்தர் மாத்திக் குடுத்தார்."

"உனக்கா? உன் வண்டிக்கா?"

"ஆமா. எனக்குத்தான்."

நோட்டை நீவி, முதலிலிருந்து தொடங்கி, வாய்விட்டு எண்ணினாள். நாற்பது தாண்டியதும் விரல்கள் கொஞ்சம் அடங்கின. கட்டு கனத்துக் கிழவரின் மணிக்கட்டு தாழ்ந்தபோது, இடது கையால் கீழிருந்து அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது என்று வைத்தாள். தொண்ணூறாவது நோட்டை அவர் உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள்.