அட்டைப்பெட்டி கம்பெனியில் ஒரு சிஸ்டம் மேடம்

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற வேலையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆவது ரொம்பக் குறைவு. அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர் "மேடம், என்னமோ ஆயிப்போச்சுங்க" என்று கூப்பிடுவார், என்ன ஆச்சு என்று அவருக்கும் தெரியாது, போய்ப் பார்க்கிற எனக்கும் தெரியாது.

பெருந்துறை தொழிற்பேட்டையில், பனியன் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கிற இடத்தில் எனக்கு வேலை. பேர் சுமதி என்றாலும் எல்லாருக்கும் நான் 'சிஸ்டம் மேடம்'தான். கோயமுத்தூரிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். போன வருஷம், எங்கள் முதலாளியின் சம்பந்தி நடத்துகிற கம்பெனியில் யாரோ ஒரு மெயிலைத் திறந்ததில், மொத்த ஃபைலும் பூட்டிக்கொண்டுவிட்டது. அதைக் கேள்விப்பட்ட மறுநாளே முதலாளி என்னைக் கூப்பிட்டார். "அம்மணி, நம்மளதையெல்லாம் பத்திரமாக்கிப்போடு. என்ன வேணுமோ கேளு. ஆனா ஆளுகளைக் கொழப்பிப்போடாத" என்றார். முதல் பாதியைச் செய்யக் கிளம்பினேன். உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒருத்தரைக் கிளப்பிவிட்டிருந்தால், நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியும்.

குலதெய்வம் கூடாது

முதல் வேலையாக எல்லாரையும் புதுப் பாஸ்வேர்ட் போடச் சொன்னேன். சொந்தப் பேர் கூடாது, பிறந்த நாள் கூடாது, குலதெய்வம் கூடாது. குலதெய்வம் கூடாது என்றதும் பாதிப் பேருக்கு முகம் வாடிப்போனது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு வார்த்தையைக் கோர்த்து நீளமாகப் போடுங்கள், எழுதி ஒட்டாதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள் என்றேன். எல்லாரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினார்கள்.

கொஞ்ச நாள் கழித்து, லாரியில் லோடு ஏற்றி அனுப்புகிற டெஸ்பாட்ச் நாச்சிமுத்து அண்ணன் டீ குடிக்கும்போது என் பக்கத்தில் வந்து, "மேடம், இந்த ஹால்ல இருக்கற அத்தனை பேரு பாஸ்வேர்டும் எனக்குத் தெரியுமுங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாரையும் கேக்கலீங்க. காலையில நீங்களே வந்து பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். ஒவ்வொருவரும் கீபோர்டைக் குனிந்து பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் சொல்லிச் சொல்லி அடித்துக்கொண்டிருந்தார்கள். சில பேருக்குச் சத்தமே வெளியே கேட்டது. அக்கவுண்ட்ஸ் பார்க்கிற கோகிலாவிடம் போய், வாயை மூடிக்கொண்டு அடித்துப் பாரும்மா என்றேன். உதட்டை இறுக்கி மடக்கிக்கொண்டு ஆரம்பித்தாள். பாதி வார்த்தையில் விரல் அந்தரத்தில் நின்றது. என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னாள்: "வாயை மூடுனா கையும் நின்னு போகுதுங்க மேடம்."

எட்டு மணி, பவானி

அடுத்தது பொதுக் காலண்டர். எந்த லோடு எப்போது போகிறது, எந்த மிஷினுக்கு எப்போது சர்வீஸ் என்று ஆளாளுக்கு டைரியில் எழுதி வைத்திருந்தார்கள். ஆன்லைனில் ஒரே காலண்டரில் போட்டால் எல்லாருக்கும் தெரியும், நேரத்துக்கு ஞாபகப்படுத்தும் என்று ஒரு மத்தியானம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தேன். நாச்சிமுத்து அண்ணனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. லோடு மட்டுமில்லாமல், மாட்டுக்கு ஊசி போடுகிற நாள் வரைக்கும் ஏற்றிவிட்டார். என்ன காரியம் என்று எழுதாமல் அப்பாவின் திதியையும் ஏற்றினார்: காலை எட்டு மணி, பவானி கூடுதுறை. ஏற்றும்போது 'அழைக்க' என்ற இடத்தில் எதையோ அமுக்கியிருக்கிறார். பெட்டி வாங்குகிற கம்பெனிக்காரர்கள் எல்லாருக்கும் அழைப்பு போய்விட்டது.

நிறையப் பேர் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஓசூரிலிருந்து எங்களிடம் பெட்டி வாங்குகிற பர்ச்சேஸ் மேனேஜர் ஒருத்தர் மட்டும், ஏதோ மீட்டிங் என்று நினைத்து, இஸ்திரி போட்ட சட்டையும் சாம்பிள் ஃபைலுமாகக் காலையில் படித்துறைக்கு வந்து நின்றுவிட்டார். ஈர வேட்டியோடு பிண்டம் வைத்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு எழுந்து வாங்க என்று கூப்பிடவும் முடியவில்லை, கூப்பிடாமல் இருக்கவும் முடியவில்லை. விஷயம் தெரிந்த பிறகாவது மனிதர் கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. ஃபைலைப் படியில் ஓரமாக வைத்துவிட்டு, காரியம் முடிகிற வரைக்கும் கூடவே நின்று, அண்ணன் வீட்டுக்கு வந்து இலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். மன்னிப்புக் கேட்கலாம் என்று மறுநாள் ஃபோன் செய்தேன். எதற்கு மன்னிப்பு என்று அவருக்குப் புரியவில்லை. "அழைப்பு வந்துச்சு, நானும் வர்றேன்னு அமுக்கிட்டேன்; அமுக்கின பிறகு வராம இருந்தா மரியாதையா இருக்குமா மேடம்?"

பொறுமைசாலி

மேரி எங்கள் டிசைன் பிரிவில் இருக்கிறாள். பெட்டி மேல் அச்சடிக்கிற படங்கள் எல்லாம் அவள் கம்ப்யூட்டரில்தான். ஒரு நாள் திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் மாதிரி ஊளையிட்டு, "உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது, உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று வந்திருக்கிறது. அவளும் பயந்துபோய் உடனே அழைத்துவிட்டாள். பேசினவன் ஒரு சாப்ட்வேரை இறக்கச் சொன்னான், இறக்கினாள். அவன் கேட்ட எண்ணைச் சொன்னாள். அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்தது.

நான் மாடியிலிருந்து தற்செயலாகக் கீழே வந்தேன். ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது திரை. மேரி கையைக் கட்டிக்கொண்டு, காதுக்கும் தோளுக்கும் நடுவில் ஃபோனோடு, "சரிங்க… ஆமாங்க… நீங்க சாப்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் நெட் ஒயரைப் பிடுங்கினேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அத்தனை கம்பெனி டிசைனும் போயிருக்கும். அன்று பூராவும் உட்கார்ந்து அந்தக் கம்ப்யூட்டரைத் துடைத்து, முந்தின நாள் எடுத்து வைத்திருந்த காப்பியிலிருந்து மறுபடி ஏற்றினேன். நல்லவேளையாக எதுவும் தொலையவில்லை.

முன்பின் தெரியாதவன் எப்படி உள்ளே வரலாம் என்று கேட்டேன். மேரிக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்களும் மாடியில உக்காந்துட்டு அப்படித்தானே மேடம் அம்பை நகத்துவீங்க? எனக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?" என்றாள். அது நியாயமான கேள்விதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு வித்தியாசம் இருந்துச்சுங்க, அவரு ஒருதடவைகூடச் சலிச்சுக்கலீங்க."

மயிலையா, செவலையா

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு முதலாளியே ஒரு சட்டம் போட்டார். தெரியாத எண்ணிலிருந்து யார் கூப்பிட்டு என்ன கேட்டாலும், அவரே பேசினாலும், ரகசிய வார்த்தை சொன்னால்தான் செய்யோணும். குரலையும் இப்போது கம்ப்யூட்டரில் செய்துவிடுகிறார்கள் என்று நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். ரகசிய வார்த்தையை அவரே வைத்தார். அவர் சின்ன வயசில் ஏர் பூட்டின சாம்பல் நிறக் காளை, மயிலை.

சித்திரையில் அவிநாசித் தேருக்குப் போனவர், சார்ஜ் தீர்ந்து, இளநிக்கடைக்காரரின் ஃபோனை வாங்கி ஆபீஸுக்குக் கூப்பிட்டார். எடுத்தது மேரி. புது டிசைனை மத்தியானத்துக்குள் பார்ட்டிக்கு அனுப்பாவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும், உடனே அனுப்பு என்றார். மேரி ரகசிய வார்த்தை கேட்டாள். தேர்க் கூட்டத்தின் சத்தத்தில் அவர் யோசித்து, "செவலை" என்றார். இல்லீங்க என்றாள். "அப்ப காரி" என்றார். மேரி ரிசீவரைப் பொத்திக்கொண்டு, கீழே வந்து பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். "மேடம், குத்துமதிப்பா ஒவ்வொரு மாடா சொல்லிப் பாக்கறானுங்க."

ரிசீவரில் காதை வைத்துக் கேட்டேன், எனக்கு அது முதலாளி குரலாகத்தான் பட்டது. ஆனால் குரலை நம்பாதே என்று சொன்னவள் நான். அவருடைய சொந்த எண்ணுக்குப் போட்டுப் பார்த்தேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. திருடனாக இருந்தாலும் அப்படித்தான் இருக்கும், சார்ஜ் தீர்ந்த முதலாளியாக இருந்தாலும் அப்படித்தான் இருக்கும். அனுப்பு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, முழித்துக்கொண்டு நின்றேன். மேரியே முடிவெடுத்து, "மன்னிச்சுக்கோங்க" என்று ஃபோனை வைத்தாள்.

தேர்க் கூட்டத்தில் காரை நகர்த்தி, நெற்றித் திருநீறு வேர்வையில் ஒழுக, அவரே நேரில் வந்து நின்றார். மேரி எழுந்து நின்றாள். கண்ணெதிரில் நின்றவரை நம்பித்தான் ஆகவேண்டும் என்பதால் டிசைனை அனுப்பினாள். பார்ட்டி சாப்பிடப் போயிருந்தார்களாம், ஆர்டர் எங்களுக்கே கிடைத்தது. முதலாளி ஒரு சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "நீ செஞ்சது சரிதான் கண்ணு, ஆனா சரியாச் செஞ்ச ஆளு மேல எனக்கு இத்தனை கோவம் வந்தது இதுதான் மொதல் தடவை."

ஆறு நம்பர்

கடைசியாகக் கைவைத்தது கணக்கு சாப்ட்வேரில். பாஸ்வேர்ட் மட்டும் போதாது, ஃபோனுக்கு வந்து சில நிமிஷமே செல்லுபடியாகிற ஆறு இலக்க எண்ணையும் போட்டால்தான் திறக்கும் என்று மாற்றினேன். கோகிலா வேலைக்குச் சேர்ந்தபோது அவளிடம் ஃபோன் இல்லை. வீட்டுக்காரர் எண்ணைக் கொடுத்திருந்தாள். ஆகவே அந்த ஆறு இலக்கம் அவருக்குத்தான் போனது. அவர் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். பிள்ளைகளை இறக்கிவிட்டுத்தான் ஃபோனையே எடுப்பார். அதுவரைக்கும் கோகிலா கணக்கைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பாள். பிறகு எண்ணை அனுப்பச் செய்துவிட்டுக் கூப்பிடுவாள். ஹலோ கிடையாது, என்னங்க கிடையாது. எண்ணைக் கேட்டு அடித்துவிட்டு வைத்துவிடுவாள்.

அடுத்தவர் ஃபோனுக்கு எண் போவது பாதுகாப்பும் இல்லை, வேலையும் தாமதம். அவளிடம் இப்போது சொந்த ஃபோன் இருந்தது. அதிலேயே எண் வருகிற மாதிரி ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தேன். நல்ல காரியம் செய்த திருப்தியில் இருந்தேன். அடுத்த வாரமே மாடிக்கு வந்து நின்றாள். "மேடம், பழையபடி அவரு நம்பருக்கே மாத்திக் குடுங்க" என்றாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பாதுகாப்பைப் பற்றி ஒரு பாடம் எடுத்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள். "அவிய தங்கச்சி ஊட்டு விசேஷத்துல எங்கம்மாவை வாங்கன்னு ஒரு வார்த்தை யாரும் சொல்லலீங்க. அதுல இருந்து ஊட்டுல பேச்சில்ல. நாங்க பேசிக்கறதே அந்த ஆறு நம்பர் ஒண்ணுதானுங்க. நீங்க அதையும் நிறுத்திப்போட்டீங்க."

இதற்கு எந்தப் பாதுகாப்புக் குறிப்பிலும் பதில் இல்லை. இரண்டு நாள் யோசித்தேன். முதலாளியிடம் கேட்கவும் கூச்சமாக இருந்தது. கடைசியில், என் வேலைக்கு விரோதம் என்று தெரிந்தே, பழைய எண்ணுக்கு மாற்றிக் கொடுத்தேன். காலையில் மறுபடி காத்திருந்தாள், கூப்பிட்டாள், ஆறு எண் கேட்டாள், வைத்தாள். அப்படியே கொஞ்ச நாள் போனது. பிறகு ஒரு திங்கட்கிழமை மாடியில் என் ஃபோன் அடித்தது. கணக்கு திறக்கவில்லையாம். எண் வரவில்லையா என்று கேட்டேன். கோகிலாவின் குரலில் வெட்கமா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை. "வந்துச்சுங்க மேடம், ஆனா பேசிட்டே இருந்ததுல டைம் முடிஞ்சுபோச்சு; இன்னொருக்கா அனுப்பச் சொல்லுங்க."

எங்கள் கம்பெனியில் இப்போது எது பத்திரம், எது ஆபத்து என்று யாராவது என்னிடம் கேட்டால், ரெண்டுக்கும் 'எண்ணை மறுபடி அனுப்பு' என்கிற அந்த ஒரே பட்டனைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.