நாடி பார்க்க நீட்டிய கை

எங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் கஜபதி அட்டெண்டராக இருந்தார். அம்பத்தூரிலிருந்து ஆவடி போகும் சாலையில் கல்லூரி தொடங்கிய வருஷமே வேலைக்குச் சேர்ந்தவர். அதற்கு முன்னால் பாடியில் ஒரு தொழிற்சாலையில் மணல் அள்ளிக்கொண்டிருந்தார். நான் 1970-ல் விரிவுரையாளராக வந்தபோது, எந்த அமிலம் எந்த அலமாரியில் என்று எனக்குக் காட்டிக் கொடுத்தது அவர்தான். ஒல்லியான மனிதர். லீவு எடுக்க மாட்டார். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். ஆனால் மாணவர்கள் குழாயைத் திறந்துவிட்டுப் போனால் மட்டும், "இன்னாப்பா, ஏரி உங்க நைனா வெட்டினதா?" என்று கேட்பார்.

ஆய்வகம் மாடியில் இருந்தது. தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் கொதிகலன் கீழே ஒரு சின்ன அறையில். வடித்த தண்ணீரைப் பெரிய கண்ணாடி ஜாடிகளில் நிரப்பி மாடிக்குத் தூக்கி வருவது கஜபதியின் வேலை. படி திரும்பும் இடத்தில் ஜாடியை இறக்கிவைத்துவிட்டு, அங்கிருந்த அறிவிப்புப் பலகையைக் கொஞ்ச நேரம் படித்துக்கொண்டு நிற்பார். அறிவிப்புகள் படிப்பதில் இந்த மனிதருக்கு இவ்வளவு ஆர்வமா என்று நான் நினைத்துக்கொள்வேன்.

1972 ஜூலையில் ஒரு மாணவி ஆய்வகத்தில் மயங்கி விழுந்தாள். ஒருவர் முகத்தில் தண்ணீர் அடித்தார். ஒருவர் அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். நாலு எம்.எஸ்ஸி.க்கள் நின்று வேடிக்கை பார்த்தோம். அவள் தானாகவே எழுந்து உட்கார்ந்தாள். விஷயம் முதல்வர் காதுக்குப் போனது. அடுத்த மாதமே, ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து கற்றுக்கொள்ள மூன்று சனிக்கிழமைகள் முதலுதவி மற்றும் உடல்நலப் பயிற்சி என்று சுற்றறிக்கை வந்தது. நடத்த வந்தவர் டாக்டர் ரகுநாதன். ரயில்வே மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கறாரான ஆள்.

முப்பது பேர் பெயர் கொடுத்தோம். அட்டெண்டர்கள் யாரும் பட்டியலில் இல்லை. நாற்காலி போட வந்த கஜபதியை டாக்டர் நிறுத்தினார். கட்டுப் போட்டுப் பார்க்க ஒரு நோயாளி வேண்டும். தூக்கிப் பழகவும் கனமில்லாத ஆளாக இருந்தால் நல்லது என்றார். கஜபதி செருப்பைக் கழற்றிவிட்டு மேஜைமேல் படுத்தார்.

முதல் சனிக்கிழமை முழுவதும் அவர் காலை உடைத்து உடைத்துக் கட்டினோம். கடைசியில், "சார், ஒரே கால மூணு தபா ஒடைச்சிட்டீங்க. சாய்ங்காலம் ஊட்டுக்கு சைக்கிள் மிதிச்சிகினு போவணும். அவுத்து உடுவீங்களா?" என்று கேட்டார். டாக்டர்கூடச் சிரித்துவிட்டார்.

இரண்டாவது சனிக்கிழமை நாடி பார்க்கும் பாடம். கட்டைவிரலுக்குக் கீழே மூன்று விரல்களை எப்படி வைப்பது என்று டாக்டர் காட்டினார். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். வளர்ந்தவர்களுக்கு எழுபத்திரண்டு, அதை ஒட்டி வரும் என்றார். எல்லோரும் ஒரே கையைப் பார்த்தால் சரிபார்க்க வசதி என்று கஜபதியின் கையையே நீட்டச் சொன்னார். வரிசையாகப் போய், எண்ணி, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நான் ஐந்தாவது ஆள். விரலை வைத்ததும் நாடி கிடைத்தது. ஆனால் எண்ண வரவில்லை. மூன்று அடி அவசரமாக வந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. அப்புறம் மெலிதாக ஒன்று. எனக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். பின்னால் மாணவர்கள் நிற்கிறார்கள். எனக்கு முன்னால் போனவர் எழுபத்துநான்கு என்று எழுதியது கண்ணில் பட்டது. நான் எழுபத்தாறு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

டாக்டர் சீட்டுகளைப் பிரித்துப் படித்தார். எழுபத்திரண்டு, எழுபத்துநான்கு, எழுபத்திரண்டு, எழுபத்தாறு. கடைசியாக ஒரு சீட்டில் நின்றார்.

"'சீராக இல்லை, எண்ண முடியவில்லை.' இது யார் எழுதினது?"

நசீம் பானு எழுந்து நின்றாள். இரண்டாம் ஆண்டு வேதியியல். அப்பா பூந்தமல்லிக் கடைத்தெருவில் தகர வேலை செய்பவர். வகுப்பில் அதிகம் பேசாத பெண்.

"எண்ணத் தெரியலைன்னா என்னைக் கேட்டிருக்கலாமே அம்மா" என்றார் டாக்டர்.

"தெரியும் சார். என் கையிலயே எண்ணிப் பாத்தேன், எழுபத்தெட்டு வந்துச்சு. இவர் கையில வரல. ரெண்டு மூணு சேந்து வருது, அப்புறம் நிக்குது."

"இருபத்தொன்பது பேருக்கு வந்திருக்கே. அதுல ஆசிரியர்களும் இருக்காங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். உட்காரவில்லை.

"நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க சார்."

டாக்டர் எங்களைப் பார்த்து லேசாகச் சிரித்தபடி கஜபதியின் கையைப் பிடித்தார். பத்து விநாடியில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. முழு நிமிஷம் எண்ணினார். இன்னொரு நிமிஷம் எண்ணினார். பையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து, எங்களை வராந்தாவுக்குப் போகச் சொன்னார்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். கஜபதி முதலில் வெளியே வந்தார். யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார். டாக்டர் எங்களை உள்ளே அழைத்துச் சீட்டுகளை அவரவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"எழுபத்திரண்டுன்னு நான் முதல்லயே சொல்லியிருக்கக் கூடாது. நீங்க அவர் கையைப் பார்த்து எழுதல, என் வாயைப் பார்த்து எழுதியிருக்கீங்க" என்றார். நசீம் பானுவிடம், "உன்கிட்ட நான் அப்படிப் பேசினது தப்பும்மா" என்று சொல்லிவிட்டுப் பையை மூடினார்.

திங்கட்கிழமை கஜபதி வழக்கம்போல் ஜாடி தூக்கி வந்தார். என்ன சொன்னார் டாக்டர் என்று கேட்டேன்.

"இன்னா சொல்றது சார். நல்லா இருந்த மனுஷன சீக்காளி ஆக்கிட்டாங்க. சின்ன வயசுல வேப்பம்பட்டுல கீறப்போ முட்டி வீங்கி ஒரு மாசம் ஜொரத்துல கெடந்தேன். அது நெஞ்சுல போய் குந்திகினு கீதாம். பட்டணத்துல பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் குடுத்துகீறாரு."

"எப்பப் போறீங்க?"

"போவல சார். தூக்கத்தானே என்ன வேலைக்கு வெச்சிகீறாங்க? தூக்கக் கூடாதுன்னு ஒரு காயிதம் வந்தா, ஊட்டுக்குப் போடான்னுடுவாங்க."

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. நசீம் பானுவோடு அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். அவள் ஏதாவது கேட்டால் கொண்டுவந்து பக்கத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மூன்றாவது சனிக்கிழமை அவர் வரவில்லை. தோட்டக்காரர் அப்பாவு நோயாளியாகப் படுத்தார்.

அன்று பயிற்சி முடிந்ததும் நசீம் பானு என்னிடம் வந்தாள்.

"நான் சொன்னது தப்பா சார்? அண்ணன் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கறாரு."

அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. "எனக்கும் எண்ண வரலைம்மா. வெக்கப்பட்டு எழுபத்தாறுன்னு எழுதிட்டேன்" என்றேன்.

"அப்ப இத அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க சார். நான் சொன்னா கேக்க மாட்டாரு" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பாடிக்குப் போனேன். லாரிகள் நிற்கும் மைதானத்துக்குப் பின்னால் ஓட்டு வீடு. கஜபதி வெளியே போயிருந்தார். அவர் மனைவி நாகவல்லி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவரிடம் கஜபதி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன், என் சீட்டில் எழுதியது உட்பட.

நாகவல்லி அழவில்லை. "ஒரு வருசமாவே படுத்தா மூச்சு முட்டுதுன்னு செவுத்துல சாஞ்சிகினேதான் சார் தூங்குறாரு. பீடிய உடுய்யான்னு சண்ட போட்டுகினு கீறேன். பீடின்னே நெனச்சிகினு இருந்துட்டேன்" என்றார்.

கஜபதி உள்ளே வந்து என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி, "சொல்லிட்டீங்களா சார்" என்றார்.

"வேல போனா போவுது. நான் கம்பெனில பொட்டி ஒட்டிக்கினுதானே கீறேன்? நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். அந்த லெட்டர எங்க வெச்சிகீற, எட்து வை" என்றார் நாகவல்லி.

வேலை போகக் கூடாது என்று எனக்கு இருந்தது. பயிற்சிக்கு வந்த ஆசிரியர்கள் பதினோரு பேரும் ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டோம். எல்லோரும் தப்பு எண்ணை எழுதியவர்கள்தான். யாரையும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. முதல்வர் படித்துப் பார்த்துவிட்டு, வேறு பேச்சில்லாமல் எங்களோடு ஆய்வகத்துக்கு வந்தார். கீழே கொதிகலன் அறையைப் பார்த்தார். மாடியில் குழாய் இருக்கும் இடத்தைப் பார்த்தார்.

"இந்தக் கொதிகலனை மேலேயே வைத்தால் என்ன?"

ஒரு குழாய் இணைப்பும் ஒரு மின்சார இணைப்பும் கொடுத்தால் போதும். இத்தனை வருஷமாக எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அடுத்த வாரம் கொதிகலன் மாடிக்கு வந்தது. ஜாடி தூக்கும் வேலையே இல்லாமல் போயிற்று.

பெரிய ஆஸ்பத்திரியில் இதயத்துக்குள் ரத்தம் போகும் வாசல் ஒன்று சுருங்கிக் கிடக்கிறது, அறுவை சிகிச்சை செய்து விரித்துவிடலாம் என்றார்கள். பொங்கல் கழித்து நாள் குறித்தார்கள். ரத்தம் கொடுக்க எங்கள் கல்லூரியிலிருந்து ஒன்பது பேர் போனோம். ஊசி போடும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அறுவை சிகிச்சை முடியும்வரை நாகவல்லி வராந்தாத் தூணருகில் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. மத்தியானம் அறுவை செய்த டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்று சொன்ன பிறகுதான் அந்த இடத்திலேயே உட்கார்ந்தார்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நசீம் பானு தன் வகுப்புப் பெண்கள் இரண்டு பேரோடு பார்க்கப் போனாள். நானும் கூடப் போயிருந்தேன். கஜபதி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மார்பின் இடப்பக்கம் தழும்பு முதுகுவரை வளைந்து போயிருந்தது. பெண்கள் நிற்பதைப் பார்த்துச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நீ அன்னிக்கு கம்முனு எழுபத்துநாலுன்னு போட்டுட்டுப் போயிருந்தா, நான் நிம்மதியா இருந்துருப்பேன்மா" என்றார் கஜபதி. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஒரு ஆறு மாசம்" என்றார்.

அந்தப் பெண் சிரிக்கப் போய் அழுதுவிட்டாள். நாகவல்லி எல்லோருக்கும் டீ போட்டார்.

அடுத்த வருஷம் பயிற்சி நடந்தபோது கஜபதியை மறுபடி நோயாளியாக வரக் கேட்டார் டாக்டர் ரகுநாதன். இதயம் சரியான பிறகும் நாடி மட்டும் பழையபடி தாறுமாறாகத்தான் இருக்கும், மாத்திரையில் ஓட்ட வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார்கள். கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல கை கிடைக்காது.

"வரேன் சார். ஆனா நாங்க படுக்கறதுக்கு மட்டும்னா வர மாட்டேன். எங்க பேரயும் லிஸ்ட்ல போடுங்க" என்றார் கஜபதி.

அந்த வருஷத்திலிருந்து அட்டெண்டர்கள், தோட்டக்காரர், விடுதிச் சமையல்காரர்கள் எல்லோரும் பட்டியலில் சேர்ந்தார்கள். அப்பாவு கட்டுப் போடுவதில் எங்கள் எல்லோரையும் மிஞ்சினார். நசீம் பானு பட்டம் வாங்கிய பின் ரத்தப் பரிசோதனைக்கூடப் பயிற்சியில் சேர்ந்து, வேலைக்கும் போனாள்.

1977-ல் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்த சமயம், நாகவல்லியைச் சைக்கிளில் உட்காரவைத்துக்கொண்டு கஜபதி செம்பரம்பாக்கம் ஏரி பார்க்கப் போய்வந்தார். டாக்டரிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். பயிற்சிக்கு வந்த இடத்தில், அத்தனை பேர் முன்னால், அவ்வளவு தூரம் எதற்கு மிதித்தாய் என்று சத்தம் போட்டார்.

கஜபதி மேஜைமேல் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"போறப்போதான் சார் முழுசா மிதிச்சேன். வர்றப்போ பூந்தமல்லில ஒரு சைக்கிள் ஷாப்புல வண்டிய உட்டுட்டு, ரெண்டு பேரும் பஸ்ஸுல வந்துட்டோம்" என்றார்.