பழைய தேதி

நசரத்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் பாடம் நடத்திய காலத்தில் அங்கே நூலகராக இருந்தவர் அவர். ஒல்லியான ஆள். வலது கட்டைவிரலில் முத்திரை மையின் ஊதாக் கறை எப்போதும் இருக்கும். ஒவ்வொரு செமஸ்டரும் புதுப் பாடத்திட்டத்தோடு எங்கள் துறைக்கு வந்து, எந்தப் பாடத்துக்கு என்ன புத்தகம் வாங்கலாம் என்று கேட்பார். செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே, “பழைய லிஸ்ட்டையே போடுங்க” என்போம்.

ஆய்வுக்குழு வரப்போகிறது என்றதும், யாருமே தொடாத புத்தகங்களில் மாணவர்கள் எடுத்துப் படித்ததுபோலப் பழைய தேதிகளைக் குத்தச் சொல்லிவிட்டார் எங்கள் துறைத்தலைவர். அன்று நான் நூலகத்துக்குப் போனபோது, நூலகர் தேதி முத்திரையைப் பின்னோக்கித் திருகிக்கொண்டிருந்தார்.

“சார், இது உங்க சப்ஜெக்ட் புக்கு. எந்த மாசம் எட்துகினு போன மாதிரி போடட்டும்?”

“பரீட்சைக்கு முந்தின மாசம் போடுங்க. நம்புவாங்க.”

குத்தினார். மை காய ஊதினார்.

“மூணு வருசமா உங்க டிபார்ட்மெண்ட்ல கேட்டுகினே கீறேன் சார். இன்னிக்குதான் ஒருத்தர் யோசிச்சு பதில் சொல்லிகீறீங்க.”

கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மனிதர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.