மீன் சுடும் லுத்ஃபிக்கு ஒன்றுமில்லை

லுத்ஃபி இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறார். படகு கரையை விட்டுக் கிளம்பிவிட்டது. உதடுகள் அசைகின்றன. பார்ப்பவர்கள் ஏதோ ஓதுகிறார் என்று நினைத்து ஒதுங்கி நிற்கிறார்கள். அவர் ஓதவில்லை, நாடியை எண்ணுகிறார். பாதியில் எண்ணிக்கை தப்பிவிடும், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். போர்ட் சயீதிலிருந்து கால்வாயைக் கடந்து போர்ட் ஃபுஆத் போய்ச் சேர்வதற்குள் ஒருநாளும் அவர் ஒழுங்காக எண்ணி முடித்ததில்லை. அக்கரையில் காரும் சைக்கிளும் ஆட்களும் இறங்கிப் போவார்கள். அவர் மட்டும் இறங்கமாட்டார், அதே படகில் திரும்புவார்.

நான் கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் இரவுப் பணி பார்க்கிறவன். வீடு அக்கரையில். நான் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரமும் லுத்ஃபி படுக்கையை விட்டு ஓடிவரும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டதால்தான் அவரை இந்தக் கோலத்தில் பார்க்க வாய்த்தது. மற்ற ஊர்க்காரர்களுக்கு அவரைப் பகலில்தான் தெரியும்.

பகல் லுத்ஃபி வேறு ஆள். மீன் சந்தைக்குப் பின்னால் கடை. சந்தையில் வாங்கிய மீனை நேரே அவரிடம் கொண்டுபோனால் சுத்தம் செய்து, தவிட்டில் புரட்டி, பழுத்த இரும்புத் தகட்டில் போட்டு, மேல்தோல் கரியாகும்வரை சுட்டுத் தருவார். முழங்கைவரை மயிரே இல்லாத கைகள். நெருப்பு எப்போதோ பொசுக்கிவிட்டது. இரண்டு தெரு தள்ளிக் கேட்கும் குரல். வருகிற எல்லோருடைய மீனையும் பழிப்பார். ஒரு நாள் ஒரு அம்மாளின் மடவை மீனைத் தூக்கிப் பார்த்து, "இது போன பெருநாளைக்கே செத்துப்போச்சே அம்மா. கண்ணப் பாருங்க, இன்னும் துக்கம் தீரல" என்றார். "உன் மூஞ்சியப் பாத்ததும் வந்த துக்கம்பா அது" என்றாள் அந்த அம்மாள். கடை முழுக்கச் சிரித்தது. எல்லோரையும்விட லுத்ஃபிதான் அதிகம் சிரித்தார்.

பயந்த ஆள் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. போன கோடையில் கடைப் புகைபோக்கியில் படிந்திருந்த கரி பற்றிக்கொண்டு கூரைவரை தீ எழும்பியது. வாடிக்கையாளர்கள் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினார்கள். லுத்ஃபி ஈரச் சாக்குகளை ஒவ்வொன்றாக மேலே எறிந்தார். நடுவில், வாசலில் நின்ற ஒருவரைக் கூப்பிட்டு, அவருடைய கணவாய்க்குப் பூண்டு போடவா வேண்டாமா என்று கேட்டார். நான் அங்கே இருந்தேன். அவர் முகத்தில் வியர்வை தவிர வேறொன்றும் இல்லை.

இந்த மனிதர்தான் பருப்பு சூப் குடித்து, தொலைக்காட்சி பார்த்துச் சிரித்து, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்ட சற்று நேரத்தில் செத்துப்போகிறேன் என்று எழுந்து ஓடுகிறார்.

முதல் தடவை வந்தது, மகள் நஹ்லா கல்யாணமாகி இஸ்மாயிலியாவுக்குப் போன பிறகு வந்த குளிர்காலத்தில். தூக்கத்தில் யாரோ உலுக்கியதுபோல் விழித்தார். நெஞ்சு அடித்துக்கொண்டது, விரல் நுனிகள் மரத்துப்போயின, காற்று உள்ளே போகவில்லை. மனைவி இன்ஷிராஹ் வெறுங்காலோடு தெருவுக்கு ஓடிப் பக்கத்து வீட்டு டாக்சிக்காரரை எழுப்பினார். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். "குதிரை மாதிரி பலமான இதயம். உங்களுக்கு ஒண்ணுமில்ல, போய்த் தூங்குங்க" என்றார்கள். இன்ஷிராஹ் குலவையிடாத குறைதான். லுத்ஃபிக்கோ அந்தச் செய்தி பிடிக்கவில்லை. பிற்பாடு என்னிடம் கேட்டார்:

"எனக்கு ஒண்ணுமில்லன்னா, அப்ப வந்துட்டுப் போறது யாரு உஸ்தாத்?"

உஸ்தாத் என்று இங்கே படித்தவர்களைக் கூப்பிடுவார்கள். நான் படித்ததோ கப்பல் காகிதங்களை.

அதன் பிறகு அது தன் இஷ்டத்துக்கு வந்தது. கடையில் சண்டை நடந்த நாளில் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. நல்ல வியாபாரம் நடந்து, சந்தோஷமாகப் படுத்த நாளில் வந்தது. கால்சட்டையும் காலுறையும் போட்டுக்கொண்டே தூங்க ஆரம்பித்தார். அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கட்டிலை விட்டுக் கூடத்துச் சோபாவுக்கு மாறினார். வாசலுக்கு அது பக்கம்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இன்ஷிராஹ் கண்ணேறு என்றார், அறை அறையாகச் சாம்பிராணி காட்டினார். மைத்துனர் வாயு என்றார். முடி திருத்துகிறவர் உடம்பில் உப்புக் குறைவு என்றார். கேட்டு உப்பை அள்ளித் தின்றதில் கால்தான் வீங்கியது. மகளைப் பிரிந்த ஏக்கம் என்று சிலர் சொன்னபோது லுத்ஃபிக்குக் கோபம் வந்தது. மருமகன் தங்கமான பையன், அவள் அங்கே ராணி மாதிரி இருக்கிறாள், அதில் தனக்கு என்ன ஏக்கம் என்று அடுப்புக் கரண்டியை ஆட்டிக்கொண்டு கேட்டார்.

என்னிடமும் ஒரு காரணம் இருந்தது. போருக்காகக் கால்வாய் நகரங்களைக் காலி செய்த வருஷங்களில் அவர் சின்னப் பிள்ளை. இரவோடு இரவாக மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்ட குடும்பம். அதுதான் உள்ளே கிடக்கிறதோ என்று கேட்டேன். கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிவிட்டதாக எனக்குள் ஒரு பெருமை வேறு. லுத்ஃபி யோசித்துப் பார்த்தார்.

"அந்த நாள்லதான் உஸ்தாத் நான் ரொம்ப சந்தோஷமா இருந்தேன். மாமா வீட்ல மாமரம் இருந்துச்சு. பள்ளிக்கூடம் கிடையாது. திரும்பி இங்க வந்தப்பதான் அழுதேன்."

அதோடு என் காரணமும் போயிற்று.

அவசரப் பிரிவில் இரீனி என்று ஓர் இளம் மருத்துவர் இருந்தார். திரும்பத் திரும்ப வந்ததில் லுத்ஃபியின் முகம் அவருக்குப் பழகிவிட்டது. ஒருமுறை வயர்களைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். இதற்குப் பீதித் தாக்குதல் என்று பெயர், உண்மையான நோய்தான், நீங்கள் நடிக்கவில்லை, ஆனால் இது கொல்லாது, அலைபோல ஏறும், உச்சிக்குப் போகும், தானே இறங்கும் என்று பொறுமையாகச் சொன்னார். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக விடப் பழகுங்கள் என்றார். மனநல மருத்துவர் ஒருவரைப் பார்த்தால் மாத்திரையும் தருவார், பேசவும் செய்வார் என்றார். அலையைப் பற்றி மீன்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா என்றும் சிரித்தார்.

"நான் மீன் சுடுறவன் டாக்டர். பிடிக்கிறவன் இல்ல. அலையெல்லாம் எனக்குத் தெரியாது" என்றார் லுத்ஃபி.

அலையைக்கூட அவர் ஏற்றுக்கொண்டிருப்பார், மனநல மருத்துவரைத்தான் ஏற்க முடியவில்லை. "பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்குறான்னு தெரிஞ்சா நான் சுட்ட மீன எவன் தின்பான்?" என்று என்னிடம் கேட்டார். நான் தின்பேன் என்றேன். அதற்கு அவர், "நீங்க வாரத்துக்கு ஒரு மீன் வாங்குறவரு" என்றார்.

இப்படி இருக்கையில் நஹ்லாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அறுவை சிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். தாய் எழுந்து உட்காரவே சிரமப்படுகிறாள் என்று செய்தி வந்தது. இன்ஷிராஹ் போகத்தான் வேண்டும். ஆனால் கணவரை இரவில் தனியே விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. லுத்ஃபி சிரித்துக்கொண்டே, அது தன்னை விட்டுப் போய்விட்டது, சாம்பிராணிப் புகை தாங்காமல் ஓடிவிட்டது என்று சொல்லி, பையைத் தானே தூக்கிப்போய்ப் பேருந்தில் வைத்தார்.

அன்றிரவிலிருந்துதான் படகுக்கு வரத் தொடங்கினார். இதற்குக் காசு கிடையாது, ராத்திரி முழுக்க ஓடும். ஏன் படகு என்று கேட்டதற்கு, வீட்டில் விழுந்தால் யார் பார்ப்பார்கள், இங்கே விழுந்தால் நாலு பேர் தூக்குவார்கள் என்றார். கொஞ்சம் கழித்து, "தரை நகர்ந்துக்கிட்டே இருந்தா, நான் நின்ன எடத்துலயே மாட்டிக்கிட்ட மாதிரி இருக்காது" என்றார். அப்புறம், "இல்ல, அதுவும் சரியா சொல்லத் தெரியல" என்று தலையை ஆட்டிக்கொண்டார்.

படகிலிருந்தே மனைவியோடு போனில் பேசுவார். குழந்தை பாலுக்கு எழும் நேரம் என்பதால் இன்ஷிராஹும் விழித்திருப்பார். படுத்துவிட்டேன், இப்போதுதான் விழிப்பு வந்தது, உன் குரலைக் கேட்டுவிட்டுத் தூங்கலாம் என்று கூப்பிட்டேன் என்று லுத்ஃபி பொய் சொல்வார். உண்மை தெரிந்தால் மனைவி அடுத்த பேருந்திலேயே திரும்பிவிடுவார், மகள் தனியே தவிப்பாள் என்ற கவலை. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் படகு நடுக் கால்வாயில் நின்றுவிட்டது. பெரிய சரக்குக் கப்பல் ஒன்று கடந்து போக வழிவிட வேண்டியிருந்தது. எங்களுக்கு முன்னால் இருட்டில் ஒரு கறுப்புச் சுவர் மெல்ல நகர்ந்தது, முடிவில்லாமல் நகர்ந்தது. படகின் இன்ஜின் முனகிக்கொண்டு ஒரே இடத்தில் இருந்தது. லுத்ஃபியின் கை என் சட்டையைப் பற்றியது. முகம் சாம்பல் நிறம். எப்போதும் நீங்க என்று பேசுகிறவர் முதல் தடவையாக ஒருமைக்கு மாறினார்.

"இங்கயே நில்லு. பேசாத." நான் பேசாமல் நின்றேன். "பேசு. ஏதாவது பேசு. நெஞ்சுக்குள்ள எவனோ ஷட்டர இழுக்குறான்."

கடந்து போகும் கப்பலைக் காட்டி, அது எந்தக் கொடி, என்ன சரக்கு என்று அலுவலகத்தில் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு போனேன். அவர் கேட்கவில்லை. மூச்சு விசில்போல் வந்தது. இந்தத் தடவை நிஜமாகவே செத்துவிடுவாரோ என்று எனக்கே தோன்றியது. இரீனி டாக்டர் சொன்னது என்ன, விடுவதா இழுப்பதா, எது மெதுவாக என்பதுகூட மறந்துவிட்டது.

அப்போது அவர் சட்டைப் பையில் கைபேசி அடித்தது. மனைவி. எடுப்பதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். மரத்த விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

"நஹ்லா அப்பா, எங்க இருக்கீங்க?"

"படுத்துட்டேன்."

எதிரே கப்பல் நீளமாக ஊதியது.

"படுத்தவர் காதுகிட்ட கப்பல் எதுக்கு ஊதுது? தினமும் ஊதுது. எனக்கென்ன காது செவிடா?" என்றார் இன்ஷிராஹ். பிறகு குரலைத் தணித்து, "வந்திருக்கா?" என்றார்.

"வந்திருக்கு" என்றார் லுத்ஃபி. அதைச் சொன்னதும் அவர் தோள்கள் தொங்கின.

"நான் வரமாட்டேன். இவளால எழுந்து உக்கார முடியல. நீங்க வெள்ளிக்கிழமை இங்க வாங்க. இரீனி டாக்டர் சொன்னாங்களே, அந்த மாதிரி டாக்டர் ஒருத்தர் இங்க தெருக்கோடில இருக்கார். போய்ப் பாத்துட்டு வந்தேன், ஆள் எப்படின்னு."

"யாருக்குன்னு சொன்னே?"

"எனக்குன்னுதான் சொன்னேன். ராத்திரில நெஞ்சு சுருங்குது டாக்டர்னேன். பேரக் கேட்டுட்டு அவருக்குச் சிரிப்பு தாங்கல."

இன்ஷிராஹ் என்றால் நெஞ்சு விரிதல். லுத்ஃபியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை, அவருக்கும் பிடிபட்டிருக்காது.

வெள்ளிக்கிழமை அவர் போனார். இப்போதும் போகிறார், பேரனைப் பார்க்கப் போவதாகக் கடையில் சொல்லிக்கொண்டு. மாத்திரை சாப்பிடுகிறார். அது முன்போல அடிக்கடி வருவதில்லை, ஆனால் வராமலும் இல்லை. எதனால் வந்தது, எதனால் குறைந்தது என்று இன்னமும் அவருக்குத் தெரியாது. டாக்டருக்கே முழுசாகத் தெரியவில்லை என்று கண்டுபிடித்ததில் மட்டும் கொஞ்சம் நிம்மதி.

அதெல்லாம் பிறகு. அன்று கறுப்புச் சுவர் ஒருவழியாகக் கடந்து போய், படகு அசைந்து கொடுத்தது. இன்ஷிராஹ் போனை வைக்கவில்லை. சம்பந்தியம்மாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் புறா சூப்பில் புறாவைத் தேட வேண்டியிருக்கிறது, அந்த வீட்டுத் துண்டு தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளிவிடுகிறது, குழந்தைக்குத் தாத்தாவின் மூக்கு வந்துவிட்டதாம், அதை ஒரு குறைபோலச் சொல்கிறாள் அந்த மனுஷி. நிறுத்தாமல், ஏற்ற இறக்கமில்லாமல், பக்கத்தில் குழந்தை எழுந்துவிடாதபடி மெல்லிய குரலில் பேசிக்கொண்டே போனார். லுத்ஃபி கைபேசியைக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டு கேட்டார். என் சட்டையைப் பிடித்திருந்த கை எப்போது விட்டது என்று நான் கவனிக்கவில்லை. மூச்சு மெல்ல ஒழுங்குக்கு வந்தது.

அந்தப் பக்கத்துப் பேச்சு தடுமாறியது. ஒரு வாக்கியம் பாதியில் நின்றது. கொஞ்ச நேரத்தில் சீரான, லேசான குறட்டை கேட்டது. பல நாள் விழித்த பெண்ணின் குறட்டை.

கரை நெருங்கியது. எங்களுக்கு முன்னால் நின்ற மோட்டார் சைக்கிள்காரர் இறங்கத் தயாராகி வண்டியை உதைத்துக் கிளப்பினார். லுத்ஃபி கைபேசியைச் சட்டைக்குள் விட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இன்னொரு கையை நீட்டி, அந்த மனிதரைக் கேட்காமலேயே, அவர் வண்டியின் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார்.