கிள்ளான் பஸ் வருவதற்குள்

கல்யாணமான மூன்றாம் நாள் ஈப்போ பஸ் நிலையத்தில் எனக்கு மூன்று மணி நேரம் கிடைத்தது. கூட வந்த மனிதரிடம் அதற்குள் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நான் பால் குடிக்க மாட்டேன். தயிர், மோர், நெய் எதையும் தொட மாட்டேன். சாயங்காலம் கிள்ளானில் அவர் வீட்டில் ஆரத்தி சுற்றி, உள்ளே உட்கார வைத்து, மாமியார் பாலும் பழமும் கொடுப்பார். மாப்பிள்ளை பாதி குடிப்பார், மீதியைப் பெண் குடிக்க வேண்டும். அக்கம்பக்கமெல்லாம் நின்று வேடிக்கை பார்க்கும்.

இப்போது இதற்கு வீகன் என்று பெயர் வைத்து, தனிக் கடையே நடத்துகிறார்கள். எழுபதுகளின் கடைசியில், கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், இதற்குப் பெயர் திமிர்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது எங்கள் மாட்டின் கன்று செத்துப்போனது. கன்று இல்லாமல் மாடு பால் இறக்காது. அப்பா கன்றின் தோலை உரித்து, உள்ளே காய்ந்த லாலான் புல்லை அடைத்துத் தைத்து, மாட்டின் முன்னால் நிறுத்தினார். மாடு அதை நக்கிக்கொண்டே இருந்தது. அப்பா கறந்துகொண்டே இருந்தார். அன்றைக்கு விட்டதுதான் பால். கறி, மீன், முட்டை எல்லாம் அதன் பின்னாலேயே போயின.

பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா "சைவம்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். "பாலு குடிக்காத பொண்ண எவன் கட்டுவான்? மூணு முடிச்சு விழட்டும்" என்றாள். எங்கள் வீட்டுச் சடங்கில் டம்ளரில் தேங்காய்ப்பாலை ஊற்றிச் சமாளித்தாள். மாப்பிள்ளை வீட்டார் அன்றே வேன் ஏறிப் போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் மறுவீட்டு விருந்தை முடித்துவிட்டுத் தனியாகக் கிளம்பினோம். கிள்ளான் பஸ் இரண்டு மணிக்கு.

நிலையத்துக்கு எதிரே, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் அவர் உட்கார்ந்ததும், "அண்ணே, தே ரெண்டு. ஒண்ணுல பாலு தூக்கலா" என்றார். தூக்கலானது எனக்கு. தே ஓ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பால் இல்லாத தேநீர் வந்திருக்கும். ஆனால் ஏன் என்று கேட்பார், ஏன் என்றால் செத்த கன்று வரைக்கும் போக வேண்டும். மூன்று நாள் புருஷனிடம் அதை எங்கே தொடங்குவது? "சூடா இருக்கு" என்றேன். ஆறியது. அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அதன்பின் எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. டிக்கெட் கவுண்டருக்குப் போய் பஸ் நேரத்தை மறுபடி கேட்டேன். வெயிலில் லகாட் ரோடு வரைக்கும் நடந்தோம். நான் முன்னால், அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால். சைவச் சாப்பாட்டுக் கடையாகத் தேடிப் பிடித்துக் கூட்டிப்போனார். அதில் அவருக்குப் பெருமை வேறு. கடைக்காரர் என் கழுத்தில் புது மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். கேட்காமலேயே சோற்றின் மேல் இரண்டு கரண்டி நெய் விட்டார். நான் கோவைக்காய்ப் பொரியலை மட்டும் தின்றுவிட்டு இலையை மூடினேன். வாய் நீளம் என்று தோட்டம் முழுக்கப் பேர் வாங்கியவளுக்கு அன்றைக்குப் பார்த்து நாக்கு எழவில்லை. என்மேலேயே எனக்கு எரிச்சல்.

பஸ் நிலையத்துக்குத் திரும்பியதும் ஐஸ் கச்சாங் வாங்கி வந்தார். செதுக்கிய ஐஸ்மேல் சிவப்புப் பாகு, அதன்மேல் டின் பால். அது உருகிக் கலர் தண்ணீராகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். மணி ஒன்றரை.

"ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்காத" என்றார். "காலைலேர்ந்து நான் வாங்கிக் குடுத்த எதையும் நீ தொடல. கட்டாயப்படுத்தித்தான் கட்டி வச்சாங்களா? அந்தா, கோலா கங்சார் பஸ் நிக்குது. வேணும்னா கொண்டுபோயி விட்டுட்டு வாரேன். வீட்டுல நான் பேசிக்கிறேன் லா."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "பாலு வேணாங்கிறதுக்குத் தாலியக் கழட்டணுமா?" என்று கத்திவிட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் மாடு, கன்று, லாலான் புல் எல்லாம் மூச்சுவிடாமல் கொட்டினேன்.

அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். "அப்ப அன்னிக்கி உங்க வீட்டுல குடிச்சது?"

"தேங்காப்பாலு."

"அதானே பாத்தேன். உங்க பேரா பக்கத்து மாட்டுப் பாலு இப்படித்தான் இருக்கும்போலன்னு நெனைச்சேன்."

சிரிப்பு வந்தது. சாயங்காலம் என்ன செய்வது என்று கேட்டேன். "மொத நாளே வேணாம்னா அம்மா அபசகுனம்னு அழுவாங்க. பாக்கலாம் லா" என்றார். பார்க்கலாமாம்! பஸ் தஞ்சோங் மாலிம் தாண்டியும் நான் கண்ணை மூடவில்லை. அவர் ஈப்போ எல்லை தாண்டும் முன்பே வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார்.

கிள்ளானில் ஆரத்தி முடிந்தது. மாமியார் வெள்ளி டம்ளரை அவர் கையில் கொடுத்தார். பாதியில் நிறுத்துவார் என்று எல்லோரும் காத்திருக்க, அவர் முழுசாகக் குடித்து டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். "அடப்பாவி, பொண்டாட்டிக்கு ஒரு வாய் வைக்கக் கூடாதா?" என்று பெண்கள் சிரித்தார்கள். மாமியார் மறுபடி நிரப்பினார். அதையும் ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு, "பஸ்ஸுல வந்தது, தாகம்" என்றார். சின்ன மாமியார் ஒருவர், இவனுக்குப் பெண்ணுக்குப் பதிலாக மாட்டைக் கட்டி வைத்திருக்கலாம் என்றார். அந்தக் கேலியை அவர் வருஷக்கணக்கில் சுமந்தார்.

மூன்றாம் முறை செம்பைச் சாய்க்கப்போன மாமியார் நிறுத்தி, மகனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாழைப்பழத்தை உரித்து என் கையில் கொடுத்தார். "நீ இதச் சாப்பிடும்மா."

நான் அழுதுவிட்டேன். பிறந்த வீட்டு நினைப்பு என்று ஆளாளுக்குத் தேற்றினார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தாலி ஏறி மூன்று நாள் ஆகியிருந்தது. அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான்.