வளையல் இல்லாத கை

நான் ஒரு சந்தேகப்பிராணி. ஒளித்து வைத்துப் பயனில்லை, என்னோடு ஒரு நாள் பழகினால் யாருக்கும் தெரிந்துவிடும். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை பார்த்தேன். நூல் சுற்றிய ஒரு கோனைக் கையில் எடுத்தால் நன்றாக இருக்கிறது என்று முதலில் நினைக்கவே கூடாது. எங்கே முடிச்சு, எங்கே மெலிவு என்றுதான் தேட வேண்டும், அதற்குத்தான் சம்பளம். அந்தப் புத்தி வீடுவரை வந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்ட பிறகு, மாமியார் ஒரு கரண்டி குழம்பு கூடுதலாக ஊற்றினால்கூட எதற்காக என்று யோசிப்பேன். "ஒனக்கு வாழப்பழத்த உரிச்சுக் குடுத்தாலும் உள்ள என்ன இருக்குன்னு கேப்ப" என்பார் என் வீட்டுக்காரர். கேட்டிருக்கிறேன்.

கர்ப்பமானதும் இந்தக் குணம் வயிற்றோடு சேர்ந்து வளர்ந்தது. ஸ்கேன் பார்த்து, பிள்ளை நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னால், அதைச் சொல்லும்போது ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை என்று வீடு வரும்வரை அம்மாவின் உயிரை வாங்குவேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வளைகாப்பு முடிந்ததும், இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் குலுங்க அம்மா என்னை ராஜபாளையத்துக்குக் கூட்டி வந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. அந்த வளையல்களைப் பிள்ளை பிறக்கும்வரை கழற்றக் கூடாது. பிறந்ததும் பிரசவம் பார்த்த நர்சுக்குக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த பிள்ளைக்கு வளைகாப்பு கிடையாது. அதனால் எங்கள் பக்கம் வயிற்றுப்பிள்ளைக்காரியின் கையைப் பார்த்தாலே தலைப்பிள்ளையா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

ஆஸ்பத்திரிக்குக் கூட வந்து, என்னை உட்கார வைத்துவிட்டு அம்மா வாசலில் போய் உட்கார்ந்துகொள்வாள். கிளம்பும்போதே சொல்லிவிடுவாள்.

"யாரு கேட்டாலும் தேதியச் சொல்லாத. ஒரு மாசம் தள்ளிச் சொல்லு. பிள்ள நல்லா அசையுதான்னு கேட்டா, ஏதோ அசையுதுன்னு சொல்லு. கண்ணு பொல்லாதது ஏட்டி."

எல்லா அம்மாக்களும் இதையேதான் சொல்லியிருந்தார்கள் என்பது அங்கே போய் உட்கார்ந்ததும் புரிந்தது. மூச்சுவிட முடியாமல் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்த ஒருத்தி, "எனக்கு ஏழுதான் நடக்கு" என்றாள். நானும் கூசாமல் "எனக்கும்" என்றேன். இரண்டு பேரும் மற்றவளை நம்பவில்லை. ஆனால் முகம் மலரச் சிரித்துக்கொண்டோம்.

தேதியில்தான் பொய். உபாதைகளை யாரும் மறைப்பதில்லை. டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு, மின்விசிறிக்கு நேராக இருக்கும் நாற்காலிக்குப் போட்டி போட்டுக்கொண்டு, மணிக்கணக்கில் அதைத்தான் பேசுவோம். ஆலங்குளத்திலிருந்து வரும் பெண்ணுக்குக் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். "புரண்டு படுக்கணும்னா ஜேசிபியக் கூப்பிடணும் போல இருக்கு" என்பாள். இன்னொருத்திக்குக் கால் வீங்கி, தன் செருப்பு ஏறாமல் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஒருத்தி ரசம்சாதம் சாப்பிட்டாலும் நெஞ்செரிகிறது என்பாள். பேச்சு கொஞ்சம் இறங்கினால் கவலைகள் வெளியே வரும். கொடி சுற்றியிருக்குமோ, வருவது சூட்டு வலியா நிஜ வலியா என்று எப்படித் தெரியும், கத்தி வைத்துவிடுவார்களோ. கடைசிக் கேள்வி வரும்போது எல்லோரும் டாக்டரம்மாவின் கதவை ஒருமாதிரி பார்ப்போம்.

என்னுடைய உபாதை அரிப்பு. உள்ளங்கையும் உள்ளங்காலும் அப்படி அரிக்கும். தடிப்போ பொரியோ ஒன்றும் கிடையாது. படுத்தால் இன்னும் கூடும், எழுந்து போய்க் காலைச் சிமெண்டுத் தரையில் தேய்ப்பேன். அம்மாவிடம் சொன்னபோது அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"பிள்ளைக்குத் தலையில முடி மொளைக்குது ஏட்டி! ஒன்ன வயித்துல வச்சிருக்கும்போது எனக்கு வயிறெல்லாம் அரிச்சுது. நீ கருகருன்னு முடியோட பொறந்த."

நாற்காலி வரிசையில் இருந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான் இதை மட்டும் அப்படியே விழுங்கினேன். கேட்கவே இதமாக இருந்தது. டாக்டரம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. முடி முளைப்பதை யாராவது டாக்டரிடம் சொல்வார்களா?

நான் சந்தேகப்பட்டது வேறொருத்தியை. அந்த அக்காவுக்கு என்னைவிட மூன்று நான்கு வயது கூட இருக்கும். நல்ல நிறைமாத வயிறு. ஆனால் தனியாக வருவாள், கூட அம்மாவோ மாமியாரோ கிடையாது. எத்தனையாவது பிள்ளை என்று யாராவது கேட்டால் "தலைப்பிள்ள" என்பாள். கையிலோ ஒரு கண்ணாடி வளையல்கூட இல்லை. ஒல்லியாக ஒரு தங்க வளையல் மட்டும் கிடந்தது.

தலைப்பிள்ளை என்கிறாள், வளைகாப்பு எங்கே போனது? வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்தவளோ என்று முதலில் நினைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நான் போகிற நாளெல்லாம் அவள் அங்கே இருந்தாள். ஒருமுறை என் தேதியை மாற்றிப் போனபோதும் அதே மூலையில் உட்கார்ந்திருந்தாள். வேறு ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கிறாளோ? தொப்புள்கொடி ரத்தம் சேமிக்கிறோம் என்று வருகிற கம்பெனி ஆளோ? அந்த வயிறே நிஜம்தானா என்று ஒரு நாள் சேலை மடிப்பை உற்றுப் பார்த்தேன். அதற்குள் இருந்து ஒரு உதை வந்து மடிப்பு அசைந்தது. அந்தச் சந்தேகத்தை மட்டும் வாபஸ் வாங்கினேன்.

பிறகு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தாள். என் கையையே பார்ப்பாள். நான் அரிப்புக்காக வளையல்களை மேலே தள்ளி, மணிக்கட்டைச் சொறிந்துகொண்டிருந்த ஒரு நாள் மெதுவாகக் கேட்டாள்.

"ஏம்மா, உள்ளங்கை அரிக்குதோ?"

"இல்லையே" என்றேன்.

"காலு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"ஒண்ணுக்குப் போனா ரொம்ப மஞ்சளாப் போகுதா?"

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. முன்பின் தெரியாதவளிடம் கேட்கிற கேள்வியா இது? கண் வைக்கிறவள் இப்படித்தான் உடம்பை உறுப்பு உறுப்பாக விசாரிப்பாள் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். எழுந்து வேறு நாற்காலிக்குப் போனேன். அவள் போனை எடுத்துத் தெலுங்கில் யாரிடமோ தணிந்த குரலில் பேசினாள். எங்கள் தெருவில் பாதி வீட்டில் தெலுங்குதான், அதனால் எனக்குக் கொஞ்சம் புரியும். 'செய்யி' என்று இரண்டு முறை சொன்னது காதில் விழுந்தது. செய்யி என்றால் கை. என் கையைப் பற்றி யாரிடம் சொல்கிறாள்? அன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொல்லி உப்பும் மிளகாயும் சுற்றிப் போடச் சொன்னேன். அரிப்பு குறையவில்லை.

அடுத்த முறை போனபோது ஒரு முடிவோடுதான் போனேன். அம்மா மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். நானே அந்த அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, நேராவே கேக்கேன். தலைப்பிள்ளன்னு சொல்லுதீக. கையில வளையலக் காணோம். தனியா வாரீக. எப்ப வந்தாலும் இங்கன இருக்கீக. என் கையப் பத்தி யாருகிட்டப் பேசினீக? யாரு நீங்க?"

சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சுற்றிலும் பார்த்தாள், யாரும் கேட்கிறார்களா என்று. பிறகு மணிக்கட்டைத் தடவிக்கொண்டு சொன்னாள்.

"வளைகாப்பு ஒரு தடவதான போடுவாக. எனக்குப் போட்டாச்சு."

எனக்கு விளங்கவில்லை.

"இது ரெண்டாவது. ரெண்டாவதுன்னு சொன்னா மூத்தது எங்கன்னு கேப்பாகல்லா? அதான் தலைப்பிள்ளன்னு சொல்லிருதது. மூத்ததுக்கு எனக்கும் இப்படித்தான் கையும் காலும் அரிச்சுது. முடி வளருதுன்னாக. நானும் சந்தோசமாச் சொறிஞ்சுக்கிட்டே இருந்தேன். ஒம்பதாம் மாசம் ஒரு நாளு அசைவு நின்னு போச்சு." சேலை மடிப்பை நீவிவிட்டாள். "பொறந்துச்சு. அழல. தலை நெறைய முடி இருந்துச்சு."

என் கை தானாக வயிற்றுக்குப் போனது.

"பித்தநீரு ரத்தத்துல ஏறிருமாம். ஒரு ரத்த டெஸ்டுல தெரிஞ்சிரும், ஆனா முன்னாடியே சொல்லணும். எனக்கு அப்ப யாரும் சொல்லல. இந்தத் தடவையும் எனக்கு லேசா இருக்கு. அதான் நாளு இல்லாட்டியும் வந்து பிள்ளையோட துடிப்பக் கேட்டுட்டுப் போவேன். அன்னிக்கு எங்க வீட்டுக்காரருகிட்டத்தான் பேசினேன். ஒரு பொண்ணு கையச் சொறிஞ்சுக்கிட்டே இருக்கு, எப்படிச் சொல்லுததுன்னு தெரியலன்னு."

"மொதல்லயே இதச் சொல்லியிருக்கலாம்ல?"

"போன மாசம் ஒரு பொண்ணுகிட்டச் சொன்னேன். அவ மாமியா அவ கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி அந்தக் கடேசில உக்கார வச்சிட்டாக. எங்க மாமியாவே எங்கூட வர மாட்டாக. போன தடவ அவிய கூட வந்ததாலதான் அப்படி ஆச்சுன்னு யாரோ சொல்லிட்டாகளாம்."

என் சந்தேக புத்தி அப்போதும் ஓயவில்லை. இவள் சொல்வது நிஜமா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஆனால் பொய் சொல்கிறவர்கள் தங்களைத் தூக்கி வைத்துத்தான் சொல்வார்கள். தன்னைப் பார்த்து எல்லோரும் விலகி ஓடுகிற மாதிரி ஒரு பொய்யை யார் சொல்லுவார்? இரண்டு உள்ளங்கையையும் விரித்து அவளிடம் காட்டினேன். சொறிந்து சொறிந்து சிவந்து தோல் உரிந்திருந்தது. பயத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் என்னை எழுப்பி, டோக்கன் வரிசையைத் தாண்டிக் கதவைத் தட்டினாள். "நாங்கல்லாம் மனுசங்க இல்லையா?" என்று ஆலங்குளத்துப் பெண் பின்னால் கத்தினாள். டாக்டரம்மா என் கையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "இதை ஏன் முன்னாடியே சொல்லல?" முடி முளைப்பதாக நினைத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா, பிள்ளை வளர்ந்துவிட்டது, இனிமேல் உள்ளே விட்டுவைப்பதுதான் ஆபத்து, உடனே சேர்ந்துவிடு, மருந்து கொடுத்து வலி வரவழைக்கலாம் என்றார்.

மருந்துக்கடையிலிருந்து திரும்பியிருந்த அம்மாவுக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. யாரையும் எளிதில் நம்பிவிடுகிற என் அம்மாவுக்கு!

"அரிப்புக்கெல்லாமா பிள்ளைய வெளிய எடுப்பாக? எனக்கென்னமோ சரியாப் படல. வா, ஸ்ரீவில்லிபுத்தூருல வேற டாக்டருகிட்டக் கேப்போம். ஒம்மாமியாகிட்டயும் ஒரு வார்த்த கேட்டு, நல்ல நாளு பாத்து..."

"அம்மா, நான் சேரப் போறேன்" என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் எதையும் மறுகேள்வி கேட்காமல் ஒத்துக்கொண்டு அவள் பார்த்ததே இல்லை. அந்த அக்கா சொன்ன கதையை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள்.

கத்தி இல்லாமலே பையன் பிறந்தான். நர்சு என் வளையல்களைக் கழற்றி வாங்கிக்கொண்டார். வலியில் நான் டாக்டரம்மாவைத் திட்டியதாகப் பிறகு சொன்னார்கள், எனக்கு நினைவில்லை. அவன் அழுத சத்தம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. எதையோ சந்தேகப்படுகிறவன் போல முதலில் ஒரு முனகல், அப்புறம் அறை அதிர ஒரு கத்தல்.

மறுநாள் காலை அம்மா அவன் தலைத்துண்டை விலக்கி, வந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பாத்தீகளா எம்புட்டு முடின்னு! நான் அப்பவே சொன்னேன்ல? டாக்டருக்கு என்ன தெரியும்?"

தலை நிறைய முடிதான். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அக்காவின் அழாத பிள்ளைதான் நினைவுக்கு வந்தது.

அப்போது கதவருகில் அந்த அக்கா வந்து நின்றாள். அவளையும் அடுத்த வாரம் சேரச் சொல்லியிருந்தார்கள். நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. அம்மாவின் பார்வை அவள் முகத்திலிருந்து வயிற்றுக்கும், வயிற்றிலிருந்து மணிக்கட்டுக்கும் போனது. நான் பார்த்த அதே பார்வை.

"யாரு ஏட்டி அது, கையில ஒரு கண்ணாடி வளையல்கூட இல்லாம?" என்று என் காதில் கேட்டாள். கேட்டுக்கொண்டே பிள்ளையின் தலையைத் துண்டால் மூடினாள்.

"உள்ள வாங்கக்கா" என்றேன்.

"இருக்கட்டும்மா, நான் போறேன்." போகவில்லை. மூடியிருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "பொறந்ததும் அழுதானா?"

"அழுதான்க்கா."

"சத்தமா?"

நான் பதில் சொல்வதற்குள் துண்டுக்குள் இருந்து அவனே ஆரம்பித்துவிட்டான். முகம் சிவக்க, கை கால் உதைத்து, அந்த வராந்தாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி. அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். அம்மா பதறி அவனை என்னிடம் நீட்டினாள்.

"பசிக்கு அழுவுதான், பாலைக் குடு ஏட்டி."

"செத்த நேரம் அழட்டும்மா" என்றேன்.