புது இயங்குதளமும் மூன்று பழைய மெஷினும்

எங்கள் பீங்கான் கம்பெனியில், மீட்டர் பெட்டியில் மாட்டும் பியூஸ் கேரியர் செய்கிறோம். சூளையிலிருந்து இறங்கும் ஒவ்வொன்றையும் சின்ன மரக்குச்சியால் தட்டிப் பார்ப்பார்கள். நல்லது கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது மொத்தென்று இருக்கும். நல்லதா, விரிசலா, மெருகு சரியில்லையா என்பதைக் கையில் அடங்கும் ஒரு மெஷினில் பொத்தானை அமுக்கிப் பதிவார்கள். மாலையில் அதைக் கேபிளில் மாட்டினால் பதிவெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். அப்படி மூன்று மெஷின்கள். விழுந்து விழுந்து மூலை சிதைந்தவை, ஆனாலும் ஓடின.

ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் புது இயங்குதளம் போட்ட மறுநாள், அது மூன்றையும் கண்டுகொள்ளவே இல்லை. கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது எதுவானாலும் என் தலையில்தான் விழும். நான் படித்தது வேதியியல். மெருகு கலக்க வந்தவன், ஒருநாள் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவிக் கொடுத்த குற்றத்துக்காக இதில் மாட்டிக்கொண்டேன்.

முதலாளி அலட்டிக்கொள்ளவில்லை. மாசக் கடைசிக்குள் பதிவுக்கு எல்லாரும் டச் போனுக்கு மாற வேண்டும், முடியாதவர்கள் மண் கூடத்துக்குப் போகட்டும் என்றார். தட்டிப் பார்க்கும் மேசையில் மூன்று பெண்கள். இளையவர்கள் இரண்டு பேரும் சந்தோஷமாக மாறினார்கள். மூன்றாவது, எங்கள் பின்தெரு அக்கா. இருபது வருஷம் பீங்கானைத் தடவியதில் அவருக்கு விரல் நுனி வழவழவென்று தேய்ந்துவிட்டது. ரேஷன் கடையில் கைரேகை விழாது. டச் போனும் அந்த விரலை மதிக்கவில்லை. மண் கூடத்தில் நாள் முழுக்க ஈர மண் கட்டிகளைத் தூக்க வேண்டும். அவருக்கு முந்தின வருஷம்தான் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகியிருந்தது. பாரம் தூக்கவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

பழைய மெஷினை ஓட வைத்துக் காட்டுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்பதுதான் உண்மை.

அப்போது ஐப்பசி, விடாத மழை. கேபிள் செருகும் இடத்தில் ஈரம் இறங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் கம்பெனியில் ஈரமானது எதுவானாலும் சூளைக்கு மேலேதான் காயும். துண்டு, செருப்பு, ஒருமுறை கல்யாணப் பத்திரிகைக் கட்டு ஒன்றுகூடக் காய்ந்தது. நானும் இரண்டு மெஷின்களைக் கொண்டுபோய் அங்கே வைத்தேன். உள்ளே பேட்டரி இருக்குதே என்று அக்கா கேட்டார். இளஞ்சூடுதான், ஒன்றும் ஆகாது என்றேன். காலையில் இரண்டின் முதுகும் உப்பிப் பிளந்திருந்தது. மூன்றாவதில் ஈரமே இல்லை, அதுவும் பேசவில்லை. ஈரம் காரணமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மிச்சமிருந்த ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். மெஷினையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் பழைய மென்பொருளை நீக்கினேன், திரும்பப் போட்டேன், மறுபடி நீக்கினேன். கடைசியில், அந்த மென்பொருளுக்காகப் பின்னணியில் ஓட வேண்டிய இரண்டு வேலைகளைப் புது இயங்குதளம் தொடங்க விடாமல் தடுக்கிறது என்று கண்டுபிடித்தேன். அவை ஓடும் பயனர் கணக்கை மாற்றிக் கொடுத்துவிட்டுக் கேபிளை மாட்டினேன். கம்ப்யூட்டர் டிங் என்றது. நான் துள்ளிக் குதிக்கிற ஆள் இல்லை. அன்று மெஷினைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு ஓடினேன்.

அக்கா வேலையில் இருந்தார். இடது கையில் குச்சி. மேசையில் டச் போன் மல்லாந்து கிடந்தது. திரையில் நல்லது, விரிசல், மெருகு என்றிருந்த ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் செல்லோ டேப் துண்டு ஒட்டியிருந்தார். மடக்கிய விரல் முட்டியால் அந்த ஓரத்தைத் தடவி, திரையைப் பார்க்காமலே கட்டத்தைத் தட்டினார். போன் ஒவ்வொரு தட்டையும் ஏற்றுக்கொண்டது.

எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன்.

"அந்த ரெண்டும் வெந்துபோச்சே, அன்னிக்கு வூட்டுக்குப் போனதும் பொண்ணு போன வாங்கிக்கிட்டு ஒக்காந்துட்டேன்."

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். குரல் கொஞ்சம் ஏறித்தான் போயிருக்க வேண்டும். அவர் குச்சியைக் கீழே வைத்தார்.

"நீங்க சரி பண்ணா நல்லதுதான்னுதான் இருந்தேன் தம்பி. ஆனா மூணாவதும் போச்சுன்னா மண்ணு தூக்கப் போறது நீங்க இல்லயே."

எனக்குக் கோபம் வந்தது. மூன்று வார உழைப்பு வீண் என்ற கோபம். அவர் எனக்காகக் காத்திருக்கிறார் என்றுதான் அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது. கையில் மெஷினோடு அப்படியே நின்றேன்.

"சும்மாதான நிக்கிறீங்க, அந்தத் தட்டத் தூக்கி இங்க வச்சிட்டுப் போங்க" என்றார்.

மெஷினைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பீங்கான் அடுக்கிய தட்டைத் தூக்கி அவர் முன்னால் வைத்தேன். நல்ல கனம்.